தப்பான வீட்டை உடைத்தால்

இந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தாதீர்கள், சார். மேல் கீல் தளர்ந்திருக்கிறது. கொஞ்சம் தூக்கிச் சாத்தினால் பூட்டின் நாக்கு தானாகப் போய் உட்காரும். முப்பத்தொரு வருடமாகப் பூட்டுக்கடை நடத்துகிறேன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவைத்தான் முதலில் பார்ப்பேன். மனிதர்கள் அப்புறம்தான்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. முதல் தடவை உங்கள் ஆட்கள் என் வீட்டைச் சுற்றி வளைத்தபோது, சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொண்டை வறளக் கத்தியவன், இரண்டாவது தடவை ஏன் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை? இதைக் கவனித்த அந்த இளம் அதிகாரி கெட்டிக்காரர். மற்றவர்கள் எல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என்னைப் பார்த்திருக்கிறார். சொல்லிவிடுகிறேன். மறைத்து வைப்பதற்கும் தெம்பு வேண்டும், அது எனக்கு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நகைக்கடைக் காவலாளியைச் சுட்டுவிட்டு இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவன் மறைந்துவிட்டான். இன்னொருவன் எங்கள் தெருவுக்குள் ஓடிவந்து, என் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே குதித்தான். நான் கடையில் இருந்தேன். என் மனைவி சலவைக் கூடத்தில் வேலையில் இருந்தாள். உள்ளே யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்துதான் ஓடிவந்தேன்.

தெரு முனையில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். நான் சாவிக்கொத்தை எடுத்து அங்கே நின்ற அதிகாரியிடம் நீட்டினேன்.

"சார், இது என் வீடு சார். நாலு கதவுக்கும் சாவி இருக்கு."

"பெரியவரே, உங்க சாவி எங்களுக்கு எதுக்கு?"

"திறந்துக்கலாமே சார். உடைக்க வேண்டாமே."

"உள்ள இருக்கிறவன் கையில துப்பாக்கி இருக்கு. நாங்க பொறுமையா பூட்டைத் திறந்து, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, வரலாமாங்கன்னு கேக்கணுமா? தள்ளி நில்லுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் தள்ளி நின்றேன். ஒன்பது மணி நேரம் நின்றேன். அப்போதுதான் உங்கள் வேலை முறை எனக்குப் பாடமானது. முதலில் வீட்டுக்குள் இருப்பவனுக்குப் போன். அப்புறம் ஒலிபெருக்கியில் மூன்று அழைப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் புகைக்குண்டு. அதற்கும் வெளியே வராவிட்டால் இயந்திரத்தைக் கொண்டுவந்து இடிப்பது. இந்த வரிசை மாறுவதே இல்லை. நானும் ஒரு தொழிலாளி. ஒழுங்காகச் செய்யப்படும் வேலையை மதிக்கத் தெரிந்தவன்.

சாயங்காலம் அவனைக் குளியலறையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவன்மேல் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குத்தான் முன் சுவர் இல்லை, கூரையில் பாதி இல்லை, என் கையால் பூட்டுப் பொருத்திய நான்கு கதவுகளும் இல்லை. மிச்சமிருந்த சுவர்களில் புகை நாற்றம் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் நான் நடந்த நடையைச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். இன்ஷூரன்ஸ்காரர்கள் பாலிசியின் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்கள். அரசாங்க நடவடிக்கையால் வந்த சேதம் அதில் சேராதாம். உங்கள் துறைக்குப் போனேன். கடமையைத்தான் செய்தோம், குற்றவாளியிடம் கேளுங்கள் என்றார்கள். குற்றவாளியைக் கேட்டால், அவன் சிறையில் கூலிக்குக் காகித உறை ஒட்டிக்கொண்டிருக்கிறான். நகரசபை மட்டும் தானாகவே கடிதம் எழுதியது. ஆபத்தான நிலையில் உள்ள கட்டடத்தை உடனே சரிசெய், இல்லாவிட்டால் சொந்தச் செலவில் இடித்து அப்புறப்படுத்து என்று. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொன்னார்கள். யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை.

நாங்கள் கடையின் பின்புறம், பூட்டுப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தோம். இல்லாத வீட்டுக்கு மாதாமாதம் கடன் தவணை போய்க்கொண்டிருந்தது. என் மனைவி சண்டைக்காரி அல்ல. தினமும் வேலை முடிந்து வந்து ஷட்டரை இறக்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நம்ம வீட்டுக்கு எப்பங்க போறோம்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்பாள். பதில் சொல்வதற்குள் தூங்கியும் போவாள். பத்தொன்பது வருடம் அடுத்தவர் வீட்டுத் துணியை வெளுத்து அந்த வீட்டைக் கட்டியவள் சார். அவளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு இருந்த எண்ணம் இது ஒன்றுதான்.

இழப்பீட்டுப் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கே அலுத்துவிட்டது. ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, இனிமே அலையாதீங்க. உங்களுக்குக் கிடைக்காது. அந்த ஆளு நெசமாவே உங்க வீட்டுக்குள்ள இருந்தான் பாருங்க, அதான் உங்க கெட்ட நேரம்."

"இல்லாம இருந்திருந்தா?"

"அறுபதே நாள்ல வாங்கியிருப்பீங்க. தப்பான வீட்டை உடைச்சா நாங்க குடுப்போம். சரியான வீட்டை உடைச்சா குடுக்க மாட்டோம். ரூல் அப்படி."

"ரெண்டும் அதே சுவருதானேம்மா?"

"சுவரு அதேதாண்ணே. காரணம் வேற. அதுலயும் சம்பந்தமில்லாத ஆளு யாராவது உள்ள மாட்டிக்கிட்டு, ஏதாவது ஆகிப்போச்சுன்னா, ஒரு பய கேள்வி கேக்க மாட்டான். பேப்பர்ல வர்றதுக்குள்ள பைலை முடிச்சுடுவாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "உங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல."

பாவம், அவர் விளையாட்டாகச் சொன்னார். அவரை இதில் இழுக்காதீர்கள். பதினான்கு மாதத்தில் எனக்கு நேரான பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அந்த வாரமே வீட்டைச் செப்பனிட ஆரம்பித்தேன். கூரைக்குத் தகரம். முன்பக்கம் செங்கல்லை அடுக்கி ஒரு பூச்சு. வாசலுக்கு இரும்புக் கதவு, உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள். பின்பக்கமும் இரும்புக் கதவு, ஜன்னல்களுக்குக் கம்பி. இரண்டாம் முறை உடைந்தபிறகு, எது முன்னால் உடைந்தது, எது பின்னால் உடைந்தது என்று இடிபாட்டில் எழுதியா இருக்கப்போகிறது? உங்கள் பொறியாளரும் கடைசியில் அப்படித்தான் சொன்னார்.

தகரம் தூக்க ஒத்தாசைக்கு வந்தவன் என் மனைவியின் தம்பி. அச்சகத்தில் இரவு ஷிப்ட் அவனுக்கு. ஆறு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. மெஷின் போட்டால் கொஞ்சம் கேட்கும். தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உச்சத்தில்தான் பேசுவான். அச்சகத்தில் அவனுக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர். ஆனால் பேச்சில் எழுத்துகள் எல்லாம் கரைந்து போயிருக்கும். பழகாதவர்களுக்கு ஏதோ ஓலமிடுவதுபோல் இருக்கும். அவன் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் ஒரு சொல் விடாமல் புரியும்.

வாடகை அறையைக் காலிசெய்துவிட்டு இங்கேயே வந்து படுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். வயர் திருட வருகிறார்கள், ஆள் இருந்தால் நல்லது என்றேன். சந்தோஷமாக வந்தான். தாழ்ப்பாள்களைப் பார்த்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"மாமா, மூணு தாழ்ப்பாளா? உள்ள திருட என்ன இருக்கு? நான் ஒருத்தன்தான் இருக்கேன்!"

"உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டா உங்கக்காவுக்கு யாருடா பதில் சொல்றது, மாப்ளே?"

"என்னைத் தூக்கினவன் மறுநாளே கொண்டாந்து விட்டுடுவான் மாமா. என் குறட்டைக்கு எவன் தாங்குவான்?"

நல்ல பையன். அவனோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. நீங்கள் அதைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

யோசித்துப் பாருங்கள். வீடு காலியாக இருந்தால் உங்கள் ஆட்கள் அரை மணி நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பொய்த் தகவல் என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவர்கள் உடைக்க வேண்டுமென்றால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். அந்த ஆள் போனை எடுக்கக் கூடாது. மூன்று அழைப்புக்கும் பதில் சொல்லக் கூடாது. அப்படி ஓர் ஆளுக்கு நான் ஊரெல்லாம் அலைய வேண்டியிருக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து கடைக்கு வந்து டீ குடித்தான். காது மெஷினைக் கொடு, பேட்டரி மாற்றித் தருகிறேன் என்றேன். கழற்றிக் கொடுத்தான். தூங்குகிறவனுக்கு எதற்கு மெஷின்? எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனான். பத்தரைக்கு நான் போய்ப் பார்த்தேன். முன்கதவுக்கு உள்ளே மூன்று தாழ்ப்பாளும் விழுந்திருந்தன. குறட்டை கேட்டது. பின்கதவுக்கு வெளியிலிருந்து ஒரு பூட்டுப் போட்டேன். திருட்டு பயம் உள்ள தெரு.

பதினொரு மணிக்குச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள பொதுத் தொலைபேசியிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். நகைக்கடை விவகாரத்தில் தப்பித்துப்போன இரண்டாமவன் அதே வீட்டுக்குத் துப்பாக்கியோடு வந்திருக்கிறான், ஜன்னலில் பார்த்தேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

எல்லாம் வரிசை தவறாமல் நடந்தது. என்னைக் கயிற்றருகே நிறுத்திக் கேட்டார்கள்.

"உள்ள உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார். வீடு காலி."

சட்டைப்பையில் சாவிகள் இருந்தன. அவற்றோடு காது மெஷினும் இருந்தது. கையை எடுக்காததற்குக் காரணம் அதுதான். எடுத்தால் இரண்டும் சேர்ந்து வெளியே வந்துவிடுமே என்றுதான்.

போன் அடித்தார்கள். மூன்று முறை அழைத்தார்கள். புகையைப் போட்டார்கள். புகை முதலில் முன்னறையில்தான் நிறையும் என்று எனக்குத் தெரியும். விழித்தவன் பின்கதவுக்குத்தான் ஓடுவான். ஓடினான். கதவை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் கேட்டது. எப்போதும்போல உச்சத்தில்தான்.

அந்த இளம் அதிகாரிதான் என்னிடம் திரும்பினார். "என்னமோ கத்துறானே. என்ன சொல்றான்னு உங்களுக்குப் புரியுதா?"

"மாமா, பூட்டியிருக்கு, சாவி கொண்டா" என்று கத்தினான் சார். ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"கிட்ட வந்தா சுடுவேன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்," என்றேன்.

அவர் இன்னும் இரண்டு புகைக்குண்டுக்குக் கை காட்டினார். அப்புறம் இயந்திரம் வந்தது. சுவரை எடுத்தபோது அவன் பின்கதவின் அடியில் உட்கார்ந்த நிலையில் இருந்தான். கையில் ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் சொன்ன அறுபது நாள்கூட ஆகவில்லை. ஐம்பத்து மூன்றாம் நாள் பணம் வந்தது. உங்கள் மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து என் மனைவியிடம் தலைகுனிந்து வருத்தம் சொன்னார். அன்றைக்குப் பகலிலும் அச்சகத்தில் வேலை என்று நினைத்தேன், அவன் அங்கே படுத்திருந்தது எனக்குத் தெரியாது, தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா என்று நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. காது மெஷின் புகையில் உருகிப்போயிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அது கடையில், தேய்ந்த சாவிகள் போடும் டப்பாவில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு எழும்பி நான்கு மாதம் ஆகிறது. நல்ல சுவர், நல்ல ஓடு. குடிபோன அன்று என் மனைவி ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"அவன் சத்தம் போட்டானாங்க?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டான்."

தலையாட்டினாள். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பஸ் கேள்வியையும் விட்டுவிட்டாள். சாப்பாடு போடுகிறாள், துணி மடிக்கிறாள், வேலைக்குப் போகிறாள். என்னிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான். புது வீடு பழக எல்லோருக்கும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம். அவனை அங்கே படுக்க வைத்ததும், பூட்டியதும், உங்களைக் கூப்பிட்டதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு என் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவீர்கள். அது சரியில்லை சார். புகை போட்டது உங்கள் ஆட்கள், சுவரை இடித்ததும் உங்கள் ஆட்கள். செலவு உங்களுடையதுதான். அந்த வீட்டில் ஒரு கண்ணாடியைக்கூட நான் உடைக்கவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.