எழுபத்தொண்ணு புள்ளி அஞ்சு

பாஞ்சாலை: ஒரு கிலோ வேணாம்டா வளவா. அரைக் கிலோ... அரைக் கிலோ கம்மியா காட்டற மாதிரி பண்ணு, போதும்.

வளவன்: மெதுவா பேசுங்க அத்தை. கடை வாசல்ல வெயிட் மெஷினை வச்சுக்கினு, உள்ள இப்படிப் பேசினா எவன் ஏறுவான்?

பாஞ்சாலை: டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்த நீ, உன் கையால செஞ்ச மெஷின்தானே? உன் பேச்சைக் கேக்காதா?

வளவன்: பொய் சொல்லாதுன்னு போர்டே எழுதி மாட்டியிருக்கேன். எதுக்கு இப்ப திடீர்னு?

பாஞ்சாலை: எதிர்க்க டீக்கடையில யாரு உக்காந்திருக்காருன்னு பாரு.

வளவன்: நம்ம கோதண்டராமன் மாமா. கையில பீடி... விடறேன்னாரே?

பாஞ்சாலை: விடறேன்னாருதான். நேத்து காலைல உன் மெஷின் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணாரு. "நீ கிரிவலம் போய் மலையைச் சுத்திட்டு வந்து ஏறு, துளி கம்மியா இருந்தாலும் இன்னியோட பீடியை விட்டுடறேன்"னு.

வளவன்: அப்புறம்?

பாஞ்சாலை: போறப்ப எழுபத்தொண்ணு புள்ளி நாப்பது. வந்து ஏறினா எழுபத்தொண்ணு புள்ளி அஞ்சு. சிரிச்ச சிரிப்பு இருக்கே... "நடந்து நடந்து ஏத்திக்கினு வந்திருக்கா பாரு"ன்னு தெருவுக்கே சொல்லிட்டு அடுத்த பீடியைப் பத்த வச்சாரு.

வளவன்: புள்ளி... அஞ்சா? வெறும் அஞ்சா?

பாஞ்சாலை: வெறும் அஞ்சுதான். புள்ளி அஞ்சுன்னா அரைக் கிலோ. பருப்பு வாங்கறவளுக்குத் தெரியாதா? நூறு கிராம் ஏறிப் போயிருக்கேன்.

வளவன்: அது... இல்ல... காபி சாப்பிடறீங்களா அத்தை?

பாஞ்சாலை: ஏன்டா முகம் இப்படிப் போவுது? காபியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ராத்திரியெல்லாம் அவருக்கு இருமல்டா. எப்ப நிக்கும்னு பயந்துக்கினே பக்கத்துல கெடக்கறேன்.

வளவன்: அதுக்காகவா இந்த அரைக் கிலோ?

பாஞ்சாலை: அதான் கூசாம வந்து, உன் மெஷினைப் பொய் சொல்லச் சொல்றேன்.

வளவன்: சொல்லச் சொல்ல வேணாம் அத்தை. ஏற்கெனவே சொல்லிடுச்சு.

பாஞ்சாலை: இன்னாடா சொல்ற?

வளவன்: அரைக் கிலோன்னா புள்ளி அம்பதுன்னு காட்டும். அது புள்ளி அஞ்சு இல்ல, புள்ளி சைபர் அஞ்சு. அம்பது கிராம். நடுவுல வர்ற சைபரை அது முழுங்கிடும். நீங்க ஏறல. முந்நூத்தி அம்பது கிராம் கம்மியாயிருக்கீங்க.

பாஞ்சாலை: கம்மியா? நானா?

வளவன்: நீங்கதான்.

பாஞ்சாலை: சைபரை எதுக்குடா முழுங்குது? அதுக்குச் சோறு போடலியா நீ?

வளவன்: உள்ள இருக்கறது குட்டி சிப்பு. நம்பரை எழுத்தாக்கிக் காட்ட ரெடிமேடா ஒரு புரோகிராம் கெடைக்கும், ஆனா ரொம்பப் பெருசு. அதை இந்த சிப்புல வைக்கறது, கல்யாணக் கும்பலை ஒரே ஆட்டோல ஏத்தற மாதிரி.

பாஞ்சாலை: ஆட்டோ பேச்சு இப்ப எதுக்கு?

வளவன்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதனால சின்னதா நானே ஒண்ணு எழுதினேன். அதுலயும் கடைசியில எடம் பத்தல. சைபர் போடற வரியை எடுத்துட்டேன். எப்பவோ ஒரு வாட்டிதானே வரும், யாரு கவனிக்கப் போறாங்கன்னு...

பாஞ்சாலை: தெரிஞ்சேவா? சரி, அந்த எடத்துல என்னா வச்ச?

வளவன்: "நன்றி, மீண்டும் வருக."

பாஞ்சாலை: குண்டாயிட்டோமேன்னு நொந்து போய் எறங்கறவளை மறுபடி வேற கூப்பிடறியா?

வளவன்: எடுத்துடறேன் அத்தை. இன்னிக்கே சைபரை வச்சுடறேன். மாமாவைக் கூப்பிடுங்க, தப்பு எம்மேலன்னு நானே ஒத்துக்கறேன். பதினாலு கிலோமீட்டர் நடந்த காலுக்கு நான் செஞ்ச துரோகம் இது.

பாஞ்சாலை: சைபரைச் சொல்லு. கிராமைச் சொல்லு. கிலோமீட்டர் பேச்சு மட்டும் எடுக்காத.

வளவன்: ஏன்? அதானே பெரிய விஷயம்?

பாஞ்சாலை: கிட்ட வா, அவரு காதுல விழக் கூடாது.

வளவன்: அத்தை?

பாஞ்சாலை: பாதி வழியில, அடி அண்ணாமலையிலயே ஆட்டோ ஏறிட்டேன்டா. உன் மெஷின் சைபரை முழுங்கின மாதிரி, நீ அந்த ஆட்டோவை முழுங்கிடு. இரு, கூப்பிடறேன்... ஏங்க, அந்தப் பீடியைக் கீழ போட்டுட்டு இங்க வாங்க.