டொராண்டோவில் கரண்ட் இல்லை

போயிடாதீங்கோ சார், அஞ்சே நிமிஷம். உங்க முருங்கைக்காய் வாடிடாது. தில்லில, அதுவும் இந்த ஐ.என்.ஏ. மார்க்கெட்ல, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கறவர் தமிழராத்தான் இருக்கணும்னு கூப்பிட்டேன். மலையாளியா இருக்கவும் வாய்ப்புண்டு, அதான் முதல்ல பேர் கேட்டேன்.

நான் சேஷன். லோதி ரோடு குவார்ட்டர்ஸ், டெலிஃபோன் இலாகா. ஆமாம், டெலிஃபோன்காரன் ஆத்து ஃபோன்ல வெளிநாட்டுக்குப் பேச ஐ.எஸ்.டி. கிடையாது. சுதந்திர தினமும் அதுவுமா இந்த ஒரு பூத்தாவது திறந்திருக்கே. பையா, வோஹி நம்பர், ஏக் பார் ஔர்! அதே நம்பரை இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

கார்த்தால டி.வி. பார்த்தேளோ? கொடியேத்தத்துக்கு நடுவுல ஒரு வரி ஓடித்து, நியூயார்க்ல கரண்ட் இல்லைன்னு. நியூயார்க் மட்டுமில்லே சார், டொராண்டோவும்தான். அமெரிக்காக்காரன் கனடாவைக் கை காட்டறான், கனடாக்காரன் அமெரிக்காவை. முப்பது வருஷம் சர்க்கார்ல இருந்தவனுக்கு இதுல ஆச்சரியமில்லே. சிரிக்காதீங்கோ. தில்லில கரண்ட் போனா விசிறியோட மொட்டை மாடிக்குப் போயிடுவோம். அங்கே லிஃப்ட்ல மனுஷா பாதில மாட்டிண்டிருக்கா. பாதாள ரயில் சுரங்கத்துக்குள்ளேயே நின்னுடுத்தாம்.

எம் பொண்ணு மாதங்கி அங்கேதான், பதினெட்டாம் மாடி. நிறைமாசம். மாப்பிள்ளை வெளியூர்ல. இதெல்லாம் அவ சித்தி சொல்லித்தான் தெரியும். அவளும் மெட்ராஸ்லேர்ந்து அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டா, லைனே கிடைக்கலை. வலி கண்டுடுத்துன்னா அந்த இருட்டுல அத்தனை படியும் எப்படி சார் இறங்குவா?

இருங்கோ, மணி அடிக்கறது.

அதை நம்பி சந்தோஷப்படாதீங்கோ. நம்ம காதுல கேக்கற மணி எக்ஸ்சேஞ்ச் குடுக்கறது. அவ ஆத்துல அடிக்கறதுங்கறதுக்கு அது அத்தாட்சியே இல்லே. இப்பல்லாம் எல்லார் ஆத்துலயும் கம்பியில்லாத ஃபோன், கரண்ட் போனா அது வெறும் டப்பா. கம்பி வச்ச பழைய ஃபோனுக்கு எக்ஸ்சேஞ்ச்லேர்ந்தே கரண்ட் வரும். அதுல ஒண்ணு மாதங்கி கிளம்பறச்சே அவ பெட்டிக்குள்ளே போச்சு. புடவைக்கு நடுவுல சொருகினது காமாக்ஷி, என் ஆத்துக்காரி. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதேன்னேன். ஏன்னு கேக்கறேளா? இருங்கோ, சொல்றேன்.

இன்னும் எடுக்கலை. அந்த ஃபோனை மாட்டி வச்சிருக்காளோ, குப்பைல போட்டாளோ. பழசைக் கண்டா இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு ஆகாதே. காமாக்ஷி இருந்தா உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்கவே மாட்டேன். போன மாசில போயிட்டா.

அடிச்சுண்டே இருக்கு.

சார்! எடுத்துட்டா! இந்தாங்கோ, பிடிங்கோ. நான் இல்லே, நீங்கதான் பேசணும். அம்மாவுக்குத் தெரிஞ்சவர், தில்லிலேர்ந்துன்னு சொல்லுங்கோ. உடம்பு தேவலையா, துணைக்கு யாராவது இருக்காளான்னு மட்டும் கேளுங்கோ. என் குரல் கேட்டா வச்சுடுவா சார். அவ கல்யாணத்துக்கு நான் போகலை, அதுலேர்ந்து அப்படித்தான்.

ரிசீவரை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கோ. எனக்கும் கேக்கட்டும்.