ஏழாவது பெயர்

சாயங்காலம் நாலே முக்கால். கோக்-பெல் கணவாயிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் குதிரைத் தடம். ஒரு ஆள், ஐந்து குதிரைகள்... சுற்றிலும் ஈ காக்கை கிடையாது.

நடுராத்திரி இல்லை, கவனியுங்கள். பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்பது டவுன்காரர்கள் கட்டிவிட்டது. நல்ல வெளிச்சம் இருந்தது. செப்டம்பர் மாதம்.

அந்த ஆள் ஜோல்தோஷ். என் சிநேகிதி புருலின் கணவன், சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் கூட்டிப்போகிறவன். வாயைத் திறந்தால் பொய். எத்தனையோ பேருக்கு நான் இந்தக் கூடாரத்தில் சமைத்துப் போட்டிருக்கிறேன், அவனைப் போல ஒரு புளுகனைப் பார்த்ததில்லை. அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், மகள் மேல் உயிராக இருந்தான். ஐசுலு. அப்போது ஏழு வயசு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவளுக்குத் தும்மல் வந்தால் இவன் சாப்பிட மாட்டான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கித், அடுப்பில் இன்னும் இரண்டு வறட்டி போடு. அந்தக் கதவுக் கம்பளியையும் இழுத்து விடு. காற்று கழுத்துக்குள் போகிறது.

சுற்றுலா வருகிறவர்களை உங்களுக்கே தெரியும். நாலு மணி நேரம் குதிரையில் போகிறார்கள். வானம் இருக்கிறது, புல் இருக்கிறது, கண்ணுக்கு எட்டிய தூரம் மலை இருக்கிறது. போதாது அவர்களுக்கு. ஏதாவது பழசாக வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பக்கத்து முகாம்காரன் கூட்டிப்போகிற வழியில், அந்தக் காலத்து ஆட்கள் பாறையில் ஆடு மாடு மாதிரி கீறி வைத்த கோடுகள் இருந்தன. கூட்டமெல்லாம் அங்கே போனது. ஜோல்தோஷ் போகிற வழியில் ஒரு மண்ணும் இல்லை.

அவனே செய்துகொண்டான். ஒரு வசந்த காலத்தில் கடப்பாரையோடு போய்க் கற்களைப் புரட்டி வட்டமாகக் குவித்தான். நடுவில் ஆள் நீளத்துக்குக் குழி தோண்டினான். ஒரு கம்பை நட்டு யாக் மாட்டு வாலைக் கட்டினான், நாலு வெள்ளைத் துணியைக் கிழித்துத் தொங்கவிட்டான். சமாதி தயார். இது கராதாய் என்ற மாவீரருடையது, எதிரிகள் உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவர் திரும்பி வரும்வரை குழி காத்திருக்கிறது என்று கதை. குழி திறந்திருந்தால்தான் படம் நன்றாக விழுமாம்.

அறிவுகெட்டவன். நம் ஆட்கள் யாராவது இதைச் செய்வார்களா? வெட்டிய குழியை ஒரு ராத்திரிகூடக் காலியாக விடமாட்டோம். அடக்கம் தள்ளிப்போனால் குழிக்குப் பக்கத்தில் ஒரு ஆளாவது விடிய விடிய உட்கார்ந்திருப்பான். இவன் நாலு வருஷம் திறந்தே போட்டு வைத்தான்.

அதோடு விட்டானா... நூர்ஸாத், நீ பிஷ்கேக்கில் படித்தவள், உனக்கு ஏழு பேரும் தெரியுமா? அப்பன், அப்பனுக்கு அப்பன், அப்படியே ஏழு தலைமுறை?

"நாலு பேர் தெரியும் அக்கா."

"நல்ல லட்சணம். வெளியில சொல்லிக்காதே."

ஐசுலுவுக்கு ஏழு பேரும் தண்ணீர் பட்ட பாடு. ஜோல்தோஷ், அசான், மம்பெத், சாரிபாய், தூலெக், எசென்... ஏழாவது ஓமுர். ஓமுர் கடைசிவரை அடுத்தவன் ஆட்டை மேய்த்துச் செத்தவர். ஆட்டுக்காரரைப் பார்க்க எவன் விமானம் ஏறி வருவான்? ஓமுரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கராதாயை வைத்தான் ஜோல்தோஷ். சொந்த முப்பாட்டனை! குழந்தைக்கு இறகு வைத்த தொப்பி மாட்டி, குழிக்கு முன்னால் நிறுத்தி, ஏழு பேரையும் சொல்ல வைத்தான். கடைசியில் கராதாய் என்று அவள் கத்தியதும் வந்தவர்கள் கை தட்டுவார்கள். அவள் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து சிரிப்பாள். அவர்கள் மொழியிலேயே, வாங்க, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்பாள். நாலு கோடை இதே கூத்து. ஆரம்பித்தபோது அவளுக்கு மூன்று வயசு.

புருல் அழுதாள். நானும் அவனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டேன். பல்லைக் குத்திக்கொண்டே பதில் சொன்னான்.

"செத்தவனுக்குக் காது கேக்குமா அக்கா? இந்தக் கராதாய் பொறக்கவே இல்ல. இவனுக்கு எங்க கேக்கப் போவுது?"

சரி... நாலே முக்கால்.

அந்த வருஷத்துக் கடைசிக் கூட்டத்தைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஜீப்பில் ஏற்றிவிட்டுக் குதிரைகளோடு திரும்பிக்கொண்டிருந்தான். ஐசுலுவுக்குச் சளி, அன்றைக்கு அவளை அழைத்துப் போகவில்லை, அவள் குதிரையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. சின்னச் சின்னக் கட்டி... சேணத்தில் பட்டு டக் டக் என்று தெறிக்கிறது. கற்குவியல் தெரிந்தது. சுற்றுலாக்காரர்கள் கூட இருந்தால் இறங்குவான், பிரார்த்தனை முடித்தவன் மாதிரி முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொள்வான், கண்ணைக்கூடத் துடைப்பான். தனியாக இருந்தால் எச்சில் துப்பிவிட்டுப் போவான். அன்றைக்கும் துப்பினான்.

குதிரைகள் நின்றுவிட்டன.

ஐந்தும். அடித்தாலும் நகரவில்லை. அப்புறம் ஒரு வாசனை... அப்போதுதான் வெட்டிய மண் வாசனை. நாலு வருஷத்துக் குழியிலிருந்து புது மண் வாசனை எப்படி வரும்? கூடவே நனைந்த கம்பளி நாற்றம். இடது பக்கம் ஒரு குதிரை கடிவாளத்தைக் கடிக்கிற சத்தம். கர்... கர்... திரும்பினான்.

பக்கத்தில் ஒரு கிழவர் குதிரை மேல் இருந்தார். குளம்புச் சத்தமே கேட்காமல் வந்திருக்கிறார். வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஆலங்கட்டி இவன் தொப்பியில் பட்டுத் தெறிக்கிறது. அவர் தொப்பியில் ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. எல்லாம் நேராக அவர் குதிரைக்குக் கீழே புல்லில் விழுகின்றன.

பெரியவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"நீ யாரு புள்ளடா?"

பழக்கம் யாரை விட்டது? கூட்டத்துக்குச் சொல்கிற அதே ராகத்தில் பெயர்களைச் சொல்லி முடித்தான். மகள் சொல்வது மாதிரியே, தன்னில் தொடங்கிக் கராதாயில் முடித்தான். கிழவர் விரல் விட்டு எண்ணினார். ஏழாவது விரலில் நிறுத்தினார்.

"குழி கொஞ்சம் குட்டைடா," என்றார்.

கிழவர் குனிந்து ஐந்து குதிரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்னச் சேணம் போட்ட குதிரையிடம் வந்து நின்றார். ஐசுலுவின் குதிரை.

"என் பேரச் சொல்லுமே ஒரு குட்டி... அது எங்க?"

இந்த இடத்தில்தான் அந்த மடையன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நல்ல காரணத்துக்காகப் பொய் சொன்னான்.

"எனக்குப் புள்ளையே இல்லீங்க."

கிழவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. நிம்மதியானவர் மாதிரி இருந்தார்.

"உன் வாயாலயே சொல்லிட்ட. அப்ப சரி."

ஆலங்கட்டி சட்டென்று நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. குதிரைகள் தாமாகவே நடக்க ஆரம்பித்தன.

"அக்கா, இதையெல்லாம் நீங்க பாத்தீங்களா?"

"வாய மூடிட்டுக் கேளு பக்கித். அவன் வீட்டுக்கு வந்தப்ப நான் அங்கதான் இருந்தேன்."

புருலோடு உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நுரை தள்ளிய குதிரையிலிருந்து விழுந்து எழுந்து உள்ளே ஓடி வந்தான். ஐசுலு ஒரு மூலையில் ரொட்டியில் பாலேடு தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கேவிக் கேவி அழுதான். முழுக்கதையும் அப்போதுதான் சொன்னான். எனக்குப் பாதிகூட நம்பிக்கை இல்லை. இந்தப் பயல் சொல்லி எதை நம்புவது?

மறுநாள் காலையில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு குழியை மூடப் போனான். நானும் போனேன். குழி மூடியிருந்தது. மேலே புல் வளர்ந்து பழுத்துச் சாய்ந்திருந்தது. பிடுங்கிப் பார்த்தேன்... வேர் என் முழங்கை நீளம். ஆனால் போன வாரம்தான் அந்தக் குழிக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனான் ஒரு ஜெர்மன்காரன்.

திரும்பினோம். வீட்டில் செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி எண்ணெயில் ரொட்டி பொரித்து, ஓமுர் பெயரைச் சொல்லி ஓதினோம். நாலு வருஷம் கழித்து அந்த ஆட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது. பிறகு ஜோல்தோஷ் மகளை முன்னால் நிறுத்தினான். ஏழாவது ஓமுர், கராதாய் என்று யாருமே கிடையாது, அப்பா சொன்னது பொய் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான். அவன் உண்மை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தான். அவள் தலையாட்டினாள்.

"இப்பச் சொல்லுடா கண்ணு. நீ யாரு புள்ள?"

நிமிர்ந்து நின்றாள். குழிக்கு முன்னால் நிற்பது போல.

"கராதாய்."

அது முதல் பெயர். ஏழாவது இல்லை. முதலாவது. அப்பன் பெயர் வர வேண்டிய இடம். எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்புறம்?" என்றாள் புருல்.

"அப்புறம் யாரும் இல்லம்மா."

ஜோல்தோஷ் முட்டி போட்டு அவள் தோளைப் பிடித்தான். அப்பா நான்டி, என்னைப் பார் என்றான். அவள் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள், குனிந்தாள், கூட்டத்துக்குச் சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். அந்த வெளிநாட்டுக்காரர்கள் மொழியிலேயே அவனைக் கேட்டாள்.

"வாங்க. எந்த நாட்டுலேருந்து வர்றீங்க?"

இதற்கு மேல் என்ன... இரண்டு வருஷம் ஆகிறது. பிஷ்கேக்கில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். ஓதுகிறவரிடமும் போனார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாம். அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். காலையில் எழுந்ததும் அவனுக்கு மட்டும் ஒரு குனிதல், ஒரு சிரிப்பு, அதே கேள்வி.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். குதிரைத் தடத்தையே பார்ப்பாள். அப்பா வர்ற நேரமாச்சு என்பாளாம் அம்மாவிடம். ஜோல்தோஷ் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நேரத்தில் அவள் நகர்ந்து உட்காருவாள்... இன்னொருவர் உட்கார இடம் விட்டு.