வெட்டப்பட்ட மூன்று பாயிண்ட்

"கடைசி மேட்ச்லயும் தோத்துட்டு எப்படிலா லீக்ல தப்பிச்சீங்க?"

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், பச்சை ஃபுட்பால் ஜெர்சிக்காரர் தன் நண்பரைக் கேட்டார். வேறு அணிக்காரரான நீலச் சட்டைக்காரர் சிரித்தார்.

"நாங்க என்ன மச்சான் பண்றது? உங்களுக்கு மூணு பாயிண்ட் வெட்டிட்டாங்க. நீங்க டிவிஷன் இறங்கிட்டீங்க, நாங்க அதே டிவிஷன்ல நின்னுட்டோம்."

"சஸ்பென்ஷன்ல இருந்தவன அவன் அண்ணன் பேருல ஆட விட்டோம். தப்புதான். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ரெஃப்ரிக்கே தெரியல. லீக் கமிட்டிகிட்ட யாரு சொன்னா?"

"எனக்கு எப்படிலா தெரியும்?"

"அன்னிக்கு நீ கிரவுண்டுக்கு வந்தியா?"

"இல்லலா. போர்ட்ல கப்பல் சரக்கு எறக்குற ஷிஃப்ட்."

ரயில் ஷா ஆலத்தைத் தாண்டியது. நீலச் சட்டைக்காரருக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"விடு மச்சான். அண்ணன்காரன் வலது காலுலதான் அடிப்பான். இவன் ரெண்டு கோலையும் இடது காலுல அடிச்சான். பாக்குறவனுக்குத் தெரியாதா?"

பச்சை ஜெர்சி கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"போர்ட்ல இருந்து பாத்தா அவ்ளோ கிளியரா தெரிஞ்சுச்சா?"

இருவரும் இறங்க வேண்டிய கிள்ளான் ஸ்டேஷனில் பச்சை ஜெர்சிக்காரர் மட்டும் இறங்கினார்.