களஞ்சியக் கூரையேறிய தச்சர் உருத்திரமூர்த்திக்கு

முதிர்ந்த வீடுகளின் முதுகை நிமிர்த்திய கைவண்ணரே! எங்கள் தச்சுப்பட்டறையின் தலைமகனே! பணி ஓய்வு பெறும் உருத்திரமூர்த்தி அவர்களே, வணக்கம்.

ஹம்பேர்க்கிற்குத் தெற்கே உள்ள இச்சிறு நகரின் மரச்சட்ட வீடுகளில் தங்கள் கை படாதவை சிலவே. உளுத்த உத்தரத்தை முழுதாகக் கழற்றி எறியும் அவசரம் தங்களுக்கு என்றும் இருந்ததில்லை. உளுத்ததை மட்டும் வெட்டி, பழைய ஓக் மரத்தோடு புதியதைப் பொருத்துவீர்கள். பொருத்திய இடம் மழைக்கும் தெரியாது.

இப்படித் தங்களைப் புகழ்ந்தால் மகேந்திரராஜாவின் முகம் என்னவாகும் என்பது பட்டறை அறிந்ததே. அவர் தங்கள் துணைவியார் அன்னப்பிள்ளையின் தம்பி. அகதியாய் வந்த தங்களை அழைத்துவந்து பட்டறை முதலாளியான மைஸ்டரிடம் வேலைக்குச் சேர்த்தவரும் அவரே. கூரைச்சட்டம் நிறுத்தும் நாளில் தச்சர் ஒருவர் உச்சிக்கேறி, ஜெர்மன் வாழ்த்துப்பா சொல்லி, மது அருந்தி, கண்ணாடிக் குவளையைக் கீழே எறிந்து உடைப்பது இவ்வூர் வழக்கம். சந்தைச் சதுக்கத்துப் பழைய தானியக் களஞ்சியத்தைப் புதுப்பித்தபோது, அந்த மரியாதை தம் குடும்பத்துக்கே, அதிலும் தமக்கே என்று அவர் நம்பினார். குளியலறையில் நின்று அந்த வாழ்த்துப்பாவை மனப்பாடம் செய்தார். மைஸ்டரோ தங்கள் பெயரைச் சொன்னார்.

அன்று மகேந்திரராஜா கீழே நின்றார். தாங்கள் சொன்ன ஒவ்வோர் அடியையும் அவர் உதடு முந்திச் சொன்னது. ஓரிடத்தில் தாங்கள் தடுமாற, அவர் நெஞ்சு குளிர்ந்தது. தாங்கள் சமாளிக்க, வயிறு எரிந்தது. குவளையை எறிந்தீர்கள். நல்ல காரியத்தில் கண்ணாடி உடைவது நம் வீடுகளில் ஆகாதே! அவர் கை தானாக நீண்டது. பிடித்துவிட்டார்!

உடையாத குவளை கட்டடத்துக்குக் கேடு என்பது ஜெர்மன் தச்சர்களின் நம்பிக்கை. சதுக்கமே அவர் பக்கம் திரும்பியது.

“எரிச்சலில பிடிச்சிட்டார்,” என்றார் நம் பட்டறைப் பாஸ்கரன்.

“தம்பி, இதென்ன கிரிக்கெட்டே?” என்றார் அன்னப்பிள்ளை.

வீட்டுப் பெயர் சந்தி சிரிக்கிறதே என்று மகேந்திரராஜா கூனிக் குறுகினார். அப்போது தாங்கள் உச்சியிலிருந்து கூப்பிட்டீர்கள்:

“மச்சான், அதையும் கொண்டு ஏறி வாரும். ரெண்டு பேருமா எறிவம்.”

ஏறினார். இருவருமாக எறிய, குவளை தூள்தூளாயிற்று. குடும்ப மானமும் தப்பிற்று. மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அதில் தங்கள் முகம் பளிச்சென்றிருந்தது. அவர் முகத்தைக் கூரையில் கட்டிய பச்சை இலை வளையம் மறைத்திருந்தது. தங்கள் பெருந்தன்மையை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வரும் வசந்தத்தில் பழைய நகரமன்றத்துக்குக் கூரை நிறுத்துகிறோம். உச்சிக்கு யார் என்று மைஸ்டர் கேட்கவும் மகேந்திரராஜா கையை உயர்த்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“நான் ஏறுறன். ஆனா அத்தான் முன்னுக்கு நிண்டு பாக்கவேணும்.”

“அவர் பென்சனில போறார் அண்ணை. ஊர் சுத்தப் போயிடுவார்,” என்றார் பாஸ்கரன்.

“ஏலாது! அவர் பாக்காட்டி நான் ஏன் ஏறுவான்?”

ஆகவே, பெருந்தகையீர், அன்னப்பிள்ளை அம்மையாரோடு நீடு வாழ்க! கண்ணொளி குன்றாமலும் கழுத்து நோவாமலும் வாழ்க! தாங்கள் நெடுநேரம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

என்றும் தங்கள் அன்பை மறவாத
தச்சுப்பட்டறைத் தோழர்கள்
ஐப்பசி, 1998