ஞானவிழியின் விரல்கள்

பகல் பன்னிரண்டு மணி. சேரன்மகாதேவிக்கு வெளியே, கன்னடியன் கால்வாயின் கரைப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். உழுகிறவன்கூட சோற்றுக்குப் போய்விட்ட நேரம்...

இதைச் சொன்னதும் கணேஷ்ராம் சிரித்தான். வங்கி அதிகாரி. பேய் என்பது மனப்பிராந்தி என்று சாப்பிடும்போதே மூன்று முறை அறிவித்தவன். பகலில் வருகிற பேய்க்குச் சம்பளம் உண்டா, விடுமுறை உண்டா என்று கேட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் கீழ்த்தளத்துக்கு மட்டும்தானாம். மண்டபத்து மாடியில், ஒரே ஜமுக்காளத்தில், ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி நாங்கள் ஏழு பேர்.

ராத்திரி பகல் என்கிற பேதமெல்லாம் கண் இருக்கிறவர்களுக்கு என்றேன். இந்தக் கதையில் வருகிறவளுக்குப் பிறவியிலேயே கண் இல்லை. நடந்தது என் சகலையின் அண்ணனுக்கு. கீழே வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தையெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவருக்குத்தான். பாவம், கண் போய்விட்டதா என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தீர்களே. போகவில்லை... அதுதான் கதை.

அவர் பெயர் திருஞானசம்பந்தம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். அந்தப் பெயர் இலக்கியத்துக்குப் போதவில்லை என்று 'நெல்லை ஞானவிழி' என்று வைத்துக்கொண்டார். ரப்பர் ஸ்டாம்புகூட உண்டு. தொண்ணூற்றைந்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். கதாநாயகி கண் தெரியாதவள். எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்குள் யார் கிசுகிசுத்தாலும் அவள் காதில் விழும். புது ஆளைக் கண்டால் முகத்தைத் தடவிப் பார்த்து, நல்லவனா கெட்டவனா என்று சொல்லிவிடுவாள். மோப்ப நாயும் சித்தரும் சேர்ந்த பிறவி.

அசல் ஆள் சேரன்மகாதேவியில் இருந்தாள். சுடலைவடிவு. முப்பது வயது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத். ஞானவிழி அங்கே மூன்று மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கள ஆய்வு என்று பெயர். முதல் அத்தியாயம் அச்சானதும் அதை அவளுக்கே வாசித்துக் காட்டினார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

அவள் சொன்னது இவ்வளவுதான். "சார், நான் யாரு மூஞ்சியையும் தொட்டதில்ல. தொட்டா அறைய மாட்டாங்களா? நீங்க வாரது எனக்கு எப்பிடித் தெரியுதுன்னு நெனைக்கிய? மூக்குப்பொடி வாசம். வலது செருப்பு இழுபடும். பொய் சொல்லுறதுக்கு முன்னால எச்சி முழுங்குவிய."

ஞானவிழி எச்சில் விழுங்கினார். பிறகு, கலைக்கு அழகு முக்கியம் என்று விளக்கினார்.

அடுத்த அத்தியாயங்களில்தான் வினை. ரைஸ்மில்காரர் ஒருவர் வெள்ளிதோறும் பூத்திலிருந்து வள்ளியூரில் உள்ள ஒரு பெண்ணோடு தாழ்ந்த குரலில் பேசுவார். தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் பம்பாய்க்குப் போன மகனிடம் அழுவார். ஸ்டூலில் உட்கார்ந்து, தன் இரண்டு காதாலும் அதையெல்லாம் ஒட்டுக்கேட்டவர் நம்ம ஞானவிழி. கதையில், கண் தெரியாதவளின் அதிசயக் காது கேட்டதாக எழுதினார். ரைஸ்மில்காரரை மாவுமில்காரர் ஆக்கினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பினார்.

ஊர் கதையை நம்பியது. கண் இல்லாதவளுக்குக் காது நூறு மடங்கு கேட்குமாமே. பூத்துக்கு ஆள் வருவது நின்றது. கண்ணாடியில் சாணி. ஒருநாள் ரிசீவரையே அறுத்துப் போட்டிருந்தார்கள். அவள் ஞானவிழி வீட்டைத் தேடி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். அது கட்டுக்கதை, ஒட்டுக்கேட்டது நான்தான் என்று அவர் அடுத்த இதழில் நாலு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிழைப்பு போய்விடும். இவர், இலக்கியம் யாரிடமும் மன்னிப்புக் கேட்காது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். காபிகூடக் கொடுக்கவில்லை.

அவள் வீட்டிலிருந்து பூத்துக்கு அந்தக் கரைப் பாதைதான் வழி. இருநூற்றுப் பதினொரு அடி நடந்தால், கால்வாய்க்குக் குறுக்கே ஒரு கல்பலகை. எண்ணிக்கொண்டே நடப்பாள். எண்ணி வைக்கிற காலுக்குக் கண் தேவையில்லை... பலகை மட்டும் இடத்தில் இருந்தால் போதும். புரட்டாசியில் ஒருநாள், யாரோ அதை இரவோடு இரவாக நகர்த்திவிட்டார்கள். யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவள் பூத்துக்குக் கிளம்பியதே மத்தியானம், கஞ்சி குடித்த பிறகுதான். தண்ணீரில் விழுந்த சத்தம் எவருக்கும் கேட்கவில்லை. அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தானே அதிசயக் காது.

ஞானவிழி அழுதார். அழுதுகொண்டே கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதினார். கதாநாயகி தண்ணீரில் மறைகிறாள். வாசகர் கடிதம் மூட்டையாக வந்தது. அடுத்த ஆவணியில் ஒரு இலக்கிய மன்றம் பொற்பதக்கம் அறிவித்தது. பேட்டியில் இவர் ஒரு போடு போட்டார். நாற்பது நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு அதே கரையில் நடந்துதான் இந்தக் கதையை எழுதினேன் என்று. பத்திரிகைக்காரன் விடுவானா? அந்தக் கோலத்தில் ஒரு போட்டோ வேண்டும், ஒரு மணிக்கு வருகிறேன் என்றான்.

நாற்பது நாள் இருக்கட்டும், இவர் நாலு நிமிஷம் கண்ணைக் கட்டியதில்லை. போட்டோவில் தடுமாறினால் குட்டு வெளிப்படும். பதக்கம் போகும். ஒத்திகை பார்க்கப் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டார்.

புதுத் துண்டால் கண்ணைக் கட்டினார். கையில் ஒரு கம்பு. அவள் வீட்டு வாசலிலிருந்து நடந்தார். பத்தடி... இருபதடி... நூறடிக்கு மேல்... வெயில் முகத்தில் அடித்தது. தண்ணீர் இடப்பக்கம் சளசளத்தது. இவ்வளவுதானா என்று இருந்ததாம்.

அப்போது பின்னால் ஒரு சத்தம். டிர்ர்ர்... டிர்ர்ர்... கிரீச்.

எஸ்.டி.டி. பூத்தில் பில் அடிக்கிற மிஷின். மின்கம்பம்கூட இல்லாத வயல்காட்டில்.

நின்றார். அது நின்றது. நடந்தார். இப்போது ஒரு கம்பு தட்டுகிற சத்தம். டொக்... டொக்... கூடவே, பைய எண்ணுகிற ஒரு குரல். நூத்தித் தொண்ணூறு... நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு... இவருடைய ஒவ்வொரு காலடிக்கும் ஒரு எண்.

துண்டை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அகப்படவில்லை. தலையைச் சுற்றிச் சுற்றித் தேடினார்... முடிச்சே இல்லை. கால்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. அவை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இருநூத்தி ஒம்பது. இருநூத்திப் பத்து. பாசி வாடை. நாள்பட்ட தண்ணீரில் ஊறிய துணியின் வாடை.

இருநூத்திப் பதினொண்ணு.

குரல் நின்றது. பின்னால் இருந்தது முன்னால் வந்துவிட்டது. நெற்றியில் ஒரு விரல் பட்டது. சில்லென்று. பிறகு ஐந்து விரல். புருவம், மூக்கு, கன்னம். அவசரமே இல்லை. உதட்டில் வந்து நின்றன.

"இப்பிடித்தான எழுதியிருந்திய, சார்?"

அவர் எச்சில் விழுங்கினார்.

"சரி. தொட்டுப் பாத்தாச்சு. இனி எனக்கு இது வேண்டாம்... நீங்களே வச்சுக்கிடுங்க."

ஒரு மணிக்குப் போட்டோக்காரன் வந்தபோது, ஞானவிழி கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. துண்டு கரையில் மடித்து வைத்திருந்தது. காய்ந்துபோய். கைகொடுத்துத் தூக்கியவனைப் பார்த்து அவர் கேட்டது, "யாருவே நீரு? மூஞ்சியக் காங்கல."

பாளையங்கோட்டையில் கண் டாக்டர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையுமில்லை. பஸ் போர்டு படிப்பார். பேப்பர் படிப்பார். மனுஷர்களைப் பார்த்தால் கழுத்துக்கு மேலே மட்டும்... அழித்த சிலேட்டு. பெண்டாட்டியைக்கூடத் தடவித்தான் அடையாளம் சொல்லுகிறார். பதக்கத்தை வாங்கிக்கொண்டார், அதில் குறை வைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. தமிழுக்கு அந்த வகையில் லாபம்.

முடித்தேன். கணேஷ்ராம் தொண்டையைக் கனைத்தான். இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு என்று ஆரம்பித்தான்.

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒரு செருப்பு சரியாக விழுந்தது. மற்றது இழுபட்டது. வலது செருப்பு.

யார் என்று யாரும் கேட்கவில்லை.

திருஞானசம்பந்தம் மேலே வந்தார். தூக்கம் வரவில்லை, மேலே யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் குனிந்து, ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகத் தடவ ஆரம்பித்தார். பொடி மணக்கும் விரல்கள். மகேஸ்வரனைச் சொன்னார். அவன் தம்பியைச் சொன்னார். வரிசையாக நகர்ந்தார். ஐந்து. ஆறாவதாக என்னைத் தடவி, "நீரா? கதை விட்டுக்கிட்டிருப்பீரே" என்றார்.

அடுத்தது கணேஷ்ராம். ஆனால் அவன் முகத்துக்குப் போகுமுன் கை நின்றது. எனக்கும் அவனுக்கும் நடுவில், ஒன்றுமில்லாத இடத்தில். நெற்றி உயரத்திலிருந்து இறங்கியது. புருவம்... மூக்கு... கன்னம்... மோவாய். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கணேஷ்ராமைத் தடவினார். அவன் பெயரைச் சரியாகச் சொன்னார்.

"எட்டுப் பேரா?" என்றார். "இது யாரு வீட்டுப் பிள்ளைடே? தலையெல்லாம் நனஞ்சு கெடக்கு. துவட்ட ஒரு துண்டு குடுங்கடே."

செருப்பை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கணேஷ்ராம் எங்களைப் பார்க்கவில்லை. தனக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தைத் தொட்டான். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனான்.