ஐஸ் கம்பெனிக்கு மாற்று ஆள்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். படூரில் எங்கள் ஆபீசுக்கு வருவது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

நான் பத்ரி, கம்பெனிகளுக்கு வேலையாட்கள் பிடித்துத் தரும் ஆபீசின் மேனேஜர். இந்த வருஷம் முதலாளி ஒரு சாஃப்ட்வேர் வாங்கச் சொன்னார். இரண்டை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, நாங்கள் வேலையில் சேர்த்தவர்களைக் கவனிக்கும். யாராவது நின்றுவிட்டால் ஏன் என்று மெசேஜ் அனுப்பிக் கேட்கும். மற்றது கம்பெனிக்காரர்களைக் கவனிக்கும். யாருக்கு என்ன பிடிக்கும், யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று சொல்லும். எங்களுக்குச் சோறு போடுவது கம்பெனிக்காரன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என்னிடம் வேலை பார்க்கும் ஜெபாவுக்கு இருந்தது. முதலாளி எதிரிலேயே கேட்டாள். "போனவன் ஏன் திரும்பி வந்தான்னு தெரியாம அடுத்தவன அனுப்பிகினே கீறோம். ஆளுங்க இன்னா சார், மூட்டையா?" முதலாளி தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வேலை கற்றுக்கொடுத்த பெண், சார்.

முட்டுக்காடு பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. அங்கே யாரும் நிலைக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் ஆள் ஓடிவிட்டால் மாற்று ஆளை நாங்கள் சும்மா தர வேண்டும். தொழில் வழக்கம் அது. ஜெபா கேட்ட சாஃப்ட்வேர், ஓட்டிப் பார்த்த அந்த மாதத்திலேயே ஓடியவர்களிடம் காரணம் கேட்டிருந்தது. 'அம்மோனியா குழாய் கசியுது, சொன்னா திட்றாங்க' என்று எல்லோரிடமிருந்தும் ஒரே பதில். மேனேஜர் என்பதால் என் கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்தது. படித்தேன், அழித்தேன். முதலாளியிடம் பேசி மற்றதை வாங்க வைத்தேன்.

பிறகு ஜெபாவே என்னிடம் வந்து நின்றாள். "தம்பி ஆல்வின் வூட்லயே குந்திகினு கீறான் சார். எங்கயாச்சும் சேத்து வுடுங்க." என் கோபம் ஆறியிருக்கவில்லை. மாற்று ஆளாக அவனை ஐஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். "நல்ல எடந்தானே சார்?" என்றாள். ஆமாம் என்றேன். தம்பி நாலு நாள் இருமிக்கொண்டு வந்தால் அவள் வாய் அடங்கும் என்று நினைத்தேன்.

குழாய் வெடித்தது. செங்கல்பட்டு பிணவறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபா அழுதாள். "அந்த சாஃப்ட்வேர் இருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமே சார்." அப்போதும் அதே பிடிவாதம். தெரிந்துதான் அனுப்பினேன், இன்ஸ்பெக்டர் சார். தெரிந்ததால் அவன் பிழைத்துவிட்டானா, நீங்களே சொல்லுங்கள்.